இக்போ கிராமத்தில் கிறிஸ்துமஸ்: ஊருக்குப் போய்க் கணக்குக் காட்டும் பத்து நாள்

#1 தென்கடல் | டிசம்பர் 2, இரவு 9.40

வேறொரு இழையில் "கிறிஸ்துமஸ் என்றால் பனியும் பைன் மரமும்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். பதில் எழுத ஆரம்பித்து நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

நான்கு வருடம் நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில் வேலை பார்த்தேன். டிசம்பர் 20 தாண்டினால் அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாகிவிடும். நாட்டின் தென்கிழக்கைச் சொந்த ஊராகக் கொண்ட இக்போ இனத்தவர்கள் எல்லோரும் கிழக்கே, அவரவர் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். 2018-ல் பக்கத்து மேசை நண்பன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அனம்ப்ரா மாநிலம், ஆவ்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஊர்.

லாகோஸிலிருந்து ஒனிட்ஷா சுமார் 450 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிக்கு ஏறினோம். பஸ் கட்டணம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. காலடியில் அரிசி மூட்டை, மடியில் பை, பின் சீட்டு அம்மாவின் கூடையில் உயிரோடு இரண்டு கோழி. நைஜர் ஆற்றின் இக்கரையில் உள்ள அசாபா வரைக்கும் பரவாயில்லை. அங்கிருந்து நைஜர் பாலத்தைக் கடக்க மட்டும் ஐந்து மணி நேரம். 1965-ல் கட்டிய பாலம், அப்போது அது ஒன்றுதான். பொறுமை இழந்து இறங்கி நடந்தவர்கள் எங்களுக்கு முன்பே அக்கரை சேர்ந்துவிட்டார்கள்.

ஊரில் ஹர்மத்தான் காற்று. சகாராப் பக்கமிருந்து வரும் வறட்டுக் காற்று அது. உதடு வெடிக்கும், வாழை இலையெல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கும். தெருவில் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள். பதினோரு மாதம் பூட்டிக் கிடப்பவை. அந்த வாரம் மட்டும் எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் சத்தம்.

போய் இறங்கியதும் சாப்பாடு இல்லை. முதலில் ஓஜி, அதாவது கோலாக் கொட்டை. நண்பனின் பெரியப்பா மரத்தட்டில் நான்கைந்து கொட்டைகளை வைத்து நீட்டினார். தட்டு நேரே என்னிடம் வரவில்லை. உறவு முறைப்படி ஒவ்வொரு ஆணின் கைக்கும் போய், சுற்றி, மறுபடி அவரிடமே வந்தது. "ராஜாவின் ஓஜி ராஜா கையில்" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிறகு அவர் ஒன்றை உயர்த்திப் பிடித்து வேண்ட ஆரம்பித்தார். முன்னோர், பூமி, கடவுள், வந்த விருந்தாளி என்று வரிசையாகப் போனது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் "இசே", அதாவது அப்படியே ஆகட்டும், என்றது. எனக்காக நண்பன் ஆங்கிலத்தில் முணுமுணுக்கத் தொடங்கியதும் பெரியப்பா நிறுத்தி, "ஓஜிக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவன் வாயை மூடிக்கொண்டான்.

கொட்டையை உடைத்து எத்தனை பருப்பு என்று எண்ணுகிறார்கள். நான்கு வந்தால் நல்லது, நான்கு சந்தை நாளுக்கும் பொருத்தம். எங்களுக்கு நான்கு வந்தது. வாயில் போட்டால் அப்படி ஒரு கசப்பு! கூடவே வைத்த நிலக்கடலைக் காரத் துவையலைத் தொட்டுக்கொண்டுதான் விழுங்கினேன். கிளம்பும்போது ஒரு முழுக் கொட்டையைக் கையில் வைத்து, "வீட்டுக்குப் போனதும் எங்கிருந்து வந்தேன் என்று ஓஜியே சொல்லும்" என்றார். இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது, காய்ந்து போய்.

25-ஆம் தேதி தேவாலயத்தில் பூசை, தக்காளிக் குழம்போடு சோறு, புதுச் சட்டையில் வீடு வீடாக வந்து நைரா நோட்டு வாங்கிப் போகும் பிள்ளைகள். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் மறக்காதது 28-ஆம் தேதி. அன்று உமுன்னா கூட்டம். ஒரே பாட்டன் வழி வந்த ஆண்கள் எல்லோரும் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, ஒருவர் நோட்டைத் திறந்து பெயர் பெயராக வாசித்தார். யார் வரி கட்டினார், யார் பாக்கி, போன வருடம் யார் வரவில்லை, ஏன் வரவில்லை. லாகோஸில் எங்களுக்கெல்லாம் மேனேஜராக இருந்த என் நண்பன் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொன்னான்.

கிறிஸ்துமஸ் ஒரு சாக்கு. ஊருக்கு வந்து முகம் காட்டிக் கணக்கு ஒப்படைப்பதுதான் பண்டிகை என்று எனக்குத் தோன்றியது. அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சரியா?

#2 சந்தேகி | டிசம்பர் 2, இரவு 10.15

நல்ல பதிவு. இரண்டு சந்தேகம். சந்தை நாள் நான்கு என்றால் வாரம் நான்கு நாளா? அப்புறம், தேவாலயத்துக்கும் போகிறார்கள், முன்னோரையும் கும்பிடுகிறார்கள், இது எப்படி?

#3 எனுகு மருமகள் | டிசம்பர் 3, காலை 11.05

மூன்று வருடமாகச் சும்மா வாசித்துவிட்டுப் போவேன். இதைப் பார்த்ததும் உள்நுழைந்துவிட்டேன். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இக்போ பகுதியிலேயே உள்ள எனுகுவில். பன்னிரண்டு டிசம்பர் பார்த்தாயிற்று.

சந்தேகி, ஆமாம், இக்போ வாரம் நான்கு நாள். ஏகே, ஓரியே, ஆஃபோ, ன்க்வோ. அந்தக் காலத்துக் கணக்கில் ஏழு வாரம் சேர்ந்தால் ஒரு மாதம், 28 நாள். இன்றும் சந்தை அப்படித்தான் கூடுகிறது. என் மாமியாரிடம் "செவ்வாய்க்கிழமை வரட்டுமா" என்றால் விரல் விட்டு எண்ணி, "அன்றைக்கு ஆஃபோ, சந்தைக்குப் போவேன்" என்பார். பெயரும் அதிலிருந்து வருகிறது. ஆஃபோ நாளில் பிறந்தவன் ஒகாஃபோர், ஏகேயில் பிறந்தால் ஒகேகே, ன்க்வோவில் பிறந்தால் ஒகோன்க்வோ அல்லது ன்வான்க்வோ. கால்பந்து பார்க்கிறவர்களுக்கு ன்வான்க்வோ கானு ஞாபகம் இருக்கும்.

இனி தென்கடல் அண்ணாவுக்கு. நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை, ஆனால் ஆண்கள் பக்கத்து உண்மை. ஓஜித் தட்டு ஏன் ஒரு பெண்ணிடமும் போகவில்லை என்று கவனித்தீர்களா? பெண்கள் ஓஜி உடைக்கக் கூடாது, அந்த மரத்தில் ஏறவும் கூடாது. நீங்கள் மரத்தடியில் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் பின்கட்டில் மூன்று கல் கூட்டிய விறகடுப்பில் இருந்திருப்போம். அந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்களுக்குத் தனிச் சங்கம், தனிக் கூட்டம், தனி வரி. தாமதமாகப் போனால் அபராதம். முதல் வருடம் பத்து நிமிடத் தாமதத்துக்கு நான் கட்டினேன்.

ஆனால் பெண்களுக்கு அதிகாரம் இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். உமுவாதா என்று ஒரு கூட்டம் உண்டு. அந்தக் குடும்பத்தில் பிறந்து வெளியே கட்டிக் கொடுத்த மகள்கள். அவர்கள் பண்டிகைக்கோ சாவுக்கோ வந்து உட்கார்ந்தால் ஆண்களுக்கே நடுக்கம். சண்டையைத் தீர்க்கிறவர்களும் அவர்கள்தான், புதிதாகக் கிளப்புகிறவர்களும் அவர்கள்தான். எங்கள் ஊரில் மாடு அறுத்தால் இடுப்புப் பகுதி அவர்களுக்கு. ஒரு வருடம் அதைக் குறைத்து வெட்டிவிட்டார்கள் என்று மூத்த நாத்தனார் இறைச்சியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாலை வரை சமாதானப் பேச்சு.

அதோடு ஆகஸ்டில் ஒரு கூட்டம். எந்த நகரத்தில் இருந்தாலும் மருமகள்கள் ஊருக்கு வந்தாக வேண்டும். அதன் பெயரே ஆகஸ்ட் மீட்டிங். எங்கள் ஊர் மகப்பேறு நிலையத்தின் கூரை அந்தக் கூட்டத்தின் வசூலில் போட்டதுதான்.

#4 கறிவேப்பிலை | டிசம்பர் 3, மதியம் 1.30

அக்கா, சமையல் பற்றி எழுதாமல் போனால் எப்படி! அப்புறம் அங்கே கிழங்குத் திருவிழா உண்டாமே? அது சேனைக்கிழங்குதானே?

#5 எனுகு மருமகள் | டிசம்பர் 3, மாலை 6.20

சேனை இல்லை! எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்குக் கோபமே வரும். சேனை வேறு குடும்பம். மரவள்ளியும் இல்லை, சர்க்கரைவள்ளியும் இல்லை. இது கொடியில் வளரும் வெள்ளை வள்ளிக்கிழங்கு. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம், சில அதைவிடப் பெரிது. மேலே மரப்பட்டை மாதிரித் தோல். அறுவடை ஆனதும் ஓபா என்ற கொட்டிலில் கம்புகளில் ஒவ்வொன்றாக நிறுத்திக் கட்டி வைப்பார்கள். ஒருவன் பெரிய ஆளா என்று பார்க்க அந்தக் காலத்தில் ஓபாவைத்தான் பார்த்தார்கள். உலகத்தில் விளையும் இந்தக் கிழங்கில் மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில்தான். இது ஆண்களின் பயிர் என்று பெயர். பெண்களுடையது சேம்பு.

புதுக்கிழங்கு விழாவை இரி ஜி என்பார்கள். இரி என்றால் உண்பது, ஜி என்றால் கிழங்கு. ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் ஊருக்கு ஊர் வேறு நாள். ம்பைசே பகுதியில் மட்டும் வருடா வருடம் ஆகஸ்ட் 15. அரோச்சுக்வுவில் இகேஜி என்று பெயர். ஒனிட்ஷாவில் அரசர் மக்கள் முன்னால் வரும் ஒஃபாலா அக்டோபரில். விழாவுக்கு முதல் நாள் பழைய கிழங்கைத் தீர்த்துவிட வேண்டும். ஊர் மூத்தவர் வெட்டி வாயில் வைக்கும் வரை மரபைக் காப்பவர்கள் யாரும் புதுக்கிழங்கைத் தொடமாட்டார்கள். முதல் கிழங்கைக் கனலில் சுட்டு, கரியைக் கத்தியால் சுரண்டி, செம்பனை எண்ணெயில் தோய்த்துத் தருவார்கள். உப்பு, மிளகாய், அவ்வளவுதான். விரலில் வழியும் அந்தச் சிவப்பு எண்ணெய் சட்டையில் பட்டால் போகவே போகாது.

சமையலில் எனக்கு ஊர் ஞாபகம் வருவது ஃபியோஃபியோ. நம் துவரைதான்! தோல் நீக்காத முழுத் துவரையை மணிக்கணக்கில் வேகவைத்து, கிழங்கோ சேம்போ போட்டு, பனை எண்ணெய் ஊற்றுவார்கள். முதல் தடவை தின்றபோது கொஞ்சம் அழுதேன். பெருங்காயம் இல்லாத குறைக்கு.

#6 தென்கடல் | டிசம்பர் 3, இரவு 8.00

ஜி என்றால் கிழங்கா?! எங்கள் அலுவலகத்தில் வட இந்தியர்கள் ஒருவரையொருவர் "சர்மா ஜி, குப்தா ஜி" என்று கூப்பிடும்போதெல்லாம் என் நண்பன் குனிந்து சிரிப்பான். காரணம் கேட்டால் சொல்லவே மாட்டான். இத்தனை வருடம் கழித்து இப்போது புரிகிறது.

அக்கா சொன்ன பின்கட்டு விஷயம், ஆமாம், நான் பார்க்கவே இல்லை. சோறு வந்தது, தின்றேன்.

#7 டொராண்டோ தம்பி | டிசம்பர் 4, காலை 5.50

எங்கட யாழ்ப்பாணத்து இராசவள்ளிக்கிழங்கு அதே குடும்பம்தான், நிறம் மட்டும் ஊதா. என் பக்கத்து வீட்டில் ஒரு இக்போ அண்ணர் இருக்கிறார். இங்கே அவர்கள் சங்கம் ஆகஸ்டில் மண்டபம் எடுத்து இரி ஜி வைக்கிறது. இரண்டு வருடம் போனேன். இராசவள்ளிக் கூழ் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷன் ஒரு வாய் குடித்துவிட்டு, "கிழங்கில் சீனி போடுகிற சனமா நீங்கள்?" என்று கேட்டார். பிறகு கோப்பையைத் திருப்பித் தரவில்லை, முழுவதையும் குடித்துவிட்டார்.

#8 கறிவேப்பிலை | டிசம்பர் 4, காலை 9.12

நம்ம பொங்கல் மாதிரியே இருக்கிறதே! புதுசு, சூரியன், மாடு...

#9 மட்டுறுத்துநர் | டிசம்பர் 4, காலை 9.30

பொங்கலோடு ஒப்பிட ஏற்கெனவே மூன்று இழை இருக்கிறது. இங்கே இக்போ ஊரோடு நிற்போம்.

#10 வாத்தியார் மகன் | டிசம்பர் 4, இரவு 11.48

தேவாலயமும் முன்னோர் வழிபாடும் எப்படிச் சேர்ந்து போகிறது என்ற சந்தேகியின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நைஜீரியாவில் எண்ணெய்ப் பணம் புரண்டபோது இந்தியாவிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் போனார்கள். என் அப்பாவும் போனார், கணக்கு வாத்தியார். ன்சுக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. அன்றைக்கு அது பழைய அனம்ப்ரா மாநிலம், 1991-ல் பிரித்தபோது எனுகு மாநிலத்துக்குப் போய்விட்டது. நாங்கள் இருந்தது 1979 முதல் 84 வரை.

கிறிஸ்துமஸ் மறுநாளிலிருந்து முகமூடி ஆட்டம். மன்வு என்பார்கள். உள்ளே ஆள் இருக்கிறான் என்று சொல்லக் கூடாது. அவை முன்னோர் ஆவிகள், பூமிக்கடியிலிருந்து எறும்புப் புற்று வழியாக மேலே வருபவை. ஓகேனே மணியும் ஓஜா குழலும் கேட்டதும் பெண்கள் ஒதுங்கிவிடுவார்கள். அம்மா ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயது, அப்பாவோடு வாசலில்.

ரஃபியா நாரும் சாக்கும் போர்த்திய ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்றது. கையில் பிரம்பு. ஓட்டைக் குழாயில் பேசுவது மாதிரி ஒரு கரகரத்த குரல். காலில் துணி சுற்றியிருந்தது, ஒரு பெருவிரல் மட்டும் வெளியே. நகம் பாதி போன பெருவிரல். தினமும் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அண்ணனுடைய விரல். "அப்பா, இது நம்ம தண்ணி அண்ணன்!" என்று கத்திவிட்டேன்.

அப்பா என் வாயைப் பொத்தினார். கத்தியது தமிழில் என்பதால் தப்பித்தோம். மன்வு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. அப்பா ஒரு நைரா நோட்டை நீட்ட, வாங்கிக்கொண்டு நகர்ந்தது. மறுநாள் காலையில் தண்ணி அண்ணன் வழக்கம் போல வந்து குடத்தை இறக்கிவிட்டு, போகும்போது என் காதை மட்டும் லேசாகத் திருகிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அண்ணன் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுபவர். ஒனிட்ஷாவில் ஆங்கிலிக்கன் மிஷன் வந்தது 1857, கத்தோலிக்கர்கள் 1885. ஆரம்ப காலத்தில் மன்வு ஆடுகிறவனுக்கும் பார்க்கப் போகிறவனுக்கும் சபையில் தண்டனை. இன்றும் சில பாதிரிமார் விடாமல் எதிர்க்கிறார்கள், பெந்தெகோஸ்தே சபைகள் இன்னும் கடுமை. ஆனால் ஊர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. காலையில் பூசை, மதியத்துக்கு மேல் மன்வு. புதுக்கிழங்குக்குக்கூட தேவாலயத்திலேயே நன்றிப் பூசை வைக்கிறார்கள்.

#11 எனுகு மருமகள் | டிசம்பர் 5, காலை 10.40

வாத்தியார் மகன், அந்த விரலைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் எழுதலாமா" என்றார். எம்.பி.ஏ. படித்தவர்.

இஜேலே பற்றி யாரும் சொல்லவில்லையே. மன்வுகளில் அதுதான் ராஜா. மற்ற எல்லாம் ஆடி முடித்த பிறகு கடைசியாக வரும். சுமார் நான்கு மீட்டர் உயரம், மூங்கில் சட்டத்தில் வண்ணத் துணி, மேலே ஒரு ஊரே குடியிருக்கிற மாதிரிப் பொம்மைகள். ஒன்றைத் தயாரிக்க நூறு பேர் ஆறு மாதம் உழைக்கிறார்கள். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அனம்ப்ராவில் ஒரு தடவை பார்த்தேன். அது திரும்பும்போது வரும் காற்று முகத்தில் அடித்தது. அவ்வளவு கிட்டே நின்றது தப்பு என்று பிறகு சொன்னார்கள்.

#12 சந்தேகி | டிசம்பர் 5, மதியம் 2.05

சரி, ஒன்று இன்னும் புரியவில்லை. சொந்தப் பண்டிகை கிழங்கு விழா. அதற்கு வராத கூட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கிறிஸ்துமஸுக்கு ஏன் இப்படிக் குவிகிறது? பதினோரு மாதம் பூட்டி வைக்க மூன்று மாடி எதற்கு? வெட்டிப் பெருமைதானே?

#13 தென்கடல் | டிசம்பர் 5, இரவு 10.30

முதல் கேள்விக்குப் பதில் எளிது. லீவு டிசம்பரில்தான் கிடைக்கிறது. லாகோஸ், கானோ, லண்டன் என்று சிதறியவர்கள் ஒரே நேரத்தில் வரக்கூடிய நாள் அது. அதனால்தான் கல்யாணத்தையும் அப்போது வைக்கிறார்கள். மணப்பெண் கையில் கள்ளுக் கோப்பையோடு கூட்டத்துக்குள் மாப்பிள்ளையைத் தேடிப் போகும் சடங்கை மூன்று நாளில் நான்கு வீட்டில் பார்த்தேன். சாவையும் அப்படித்தான் வைக்கிறார்கள். அக்டோபரில் இறந்தவரைப் பிணவறையில் வைத்திருந்து டிசம்பர் கடைசியில் அடக்கம் செய்த வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது. வாசலில் ஒரே பந்தல், முதல் நாள் அடக்கம், இரண்டு நாள் கழித்து அதே பந்தலில் பேரனுக்கு நிச்சயம்.

மாடி வீட்டை நானும் முதலில் பெருமை என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி பெரியப்பா சொன்னார். அவர் 1966 வரை வடக்கே ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்த வருடம் அங்கே இக்போக்காரர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். லட்சக்கணக்கானவர்கள் கிடைத்த வண்டியில் ஏறிக் கிழக்கே ஓடிவந்தார்கள். வந்து சேர இடம் இருந்தது கிராமத்தில்தான். பிறகு கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய, 1967 முதல் 1970 வரை போர், பட்டினி. போர் முடிந்தபோது வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கையில் 20 பவுண்டுதான் கொடுத்தார்கள். தெற்கே துறைமுக நகரமான போர்ட் ஹார்கோர்ட்டில் வீடு வைத்திருந்த பலருக்கு, கைவிட்ட சொத்து என்று சொல்லி அதைத் திருப்பித் தரவில்லை. வெளியூரில் சேர்த்தது நம்முடையது இல்லை என்று அந்தத் தலைமுறை முடிவு கட்டிவிட்டது. "ஆகு ருவோ உலோ" என்பார்கள். செல்வம் வீடு வந்து சேர வேண்டும்.

பெரியப்பா இதைச் சொல்லும்போது கையில் முந்தின நாள் உமுன்னா நோட்டு இருந்தது. "இதில் பெயர் இருந்தால் எங்கே அடித்து விரட்டினாலும் இவன் வந்து படுக்க ஒரு திண்ணை உண்டு" என்றார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் முதல் நாள் நான் மனதுக்குள் சிரித்திருந்தேன்.

#14 எனுகு மருமகள் | டிசம்பர் 6, காலை 9.15

அண்ணா எழுதியது சரி. ஆனால் அந்த நோட்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது. வரி கட்ட முடியாதவன் ஊருக்கே வருவதில்லை. வந்தால் லாகோஸில் செல்வாக்காக இருக்கிறவன் மாதிரி வர வேண்டும். அதற்காக வாடகைக் கார் எடுத்துச் சொந்தக் கார் என்று ஓட்டி வருகிறவர்கள் உண்டு. கல்யாணத்தில் ஆடுகிறவர் நெற்றியில் பண நோட்டுகளை ஒட்டுவார்கள், சட்டப்படி அது குற்றம் என்றாலும். ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் திண்டாடுகிறவர்கள் என் வீட்டிலேயே இருந்தார்கள்.

2021-லிருந்து இன்னொரு பயம். மறுபடி பியாஃப்ரா கேட்கும் பிரிவினை இயக்கம் அறிவித்த திங்கட்கிழமை ஊரடங்கு, ஆள் கடத்தல். அந்த வருடம் நாங்கள் போகவில்லை. மாமியார் போனில், "பரவாயில்லை, உயிர்தான் முக்கியம்" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை போன் செய்து, "ஆடு வாங்கிக் கட்டியிருந்தேன்" என்றார். 2022-ல் போனோம். அந்த டிசம்பரில்தான் பண்டிகை நெரிசலுக்காக இரண்டாவது நைஜர் பாலத்தைத் தற்காலிகமாகத் திறந்தார்கள், முறையான திறப்பு 2023 மே மாதம். லாகோஸிலிருந்து வந்த கொழுந்தன் பாலத்தில் நிற்கவே இல்லையாம். அதையே இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

#15 சந்தேகி | டிசம்பர் 6, மாலை 5.00

பெருமை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பாதியை மட்டும். வாடகைக் கார் பாதி அப்படியே இருக்கட்டும்.

உண்மையைச் சொல்கிறேன், நான் இந்த இழையைக் கிளறியதற்குக் காரணம் உண்டு. லாகோஸுக்கு மாற்றல் வந்திருக்கிறது, பிப்ரவரியில் போகிறேன். அடுத்த டிசம்பரில் யாராவது கூப்பிட்டால் கையில் என்ன கொண்டுபோவது?

#16 எனுகு மருமகள் | டிசம்பர் 6, மாலை 5.40

வாழ்த்துகள்! பெரியவருக்கு ஒரு பாட்டில், வீட்டுப் பெண்களுக்கு அரிசியோ துணியோ. பிள்ளைகளுக்குச் சில்லறை நோட்டு நிறைய. பெரியவரைப் பார்த்ததும் முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். ஓஜி தந்தால் கசந்தாலும் தின்னுங்கள். எது கொடுத்தாலும் வாங்கினாலும் வலது கை. இடது கையை நீட்டிவிடாதீர்கள், அதைப் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

#17 சந்தேகி | டிசம்பர் 6, மாலை 5.44

நான் இடதுகைக்காரன்.

#18 எனுகு மருமகள் | டிசம்பர் 6, மாலை 5.46

அப்படியென்றால் இன்றைக்கே பழக ஆரம்பியுங்கள். ஒரு வருடம் இருக்கிறது.